குறிதவறாமை ஓர் அறமாகுமா?

கண்டி வீதி வவுனியாவைக் கடந்து மாங்குளத்தை நோக்கிச் செல்லும் வழியிலே கனகராயன்குளம் அமைந்துள்ளது. காடும் குளமும் வயலும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் பகுதி அது. இவ்வூரின் பெயரைத் தாங்கிய கனகராயனாறே வடக்கே இரணைமடுவுக்கு நீர் சுமந்து செல்கின்றது. கதிர் முற்றும் காலத்தில் இங்குள்ள உழவனுக்கு உறக்கம் இல்லை. பகலிலே குரங்கும் மயிலும், இரவிலே பன்றியும் யானையும் அவனது ஒரு போகத்து உழைப்பைப் பங்கு கேட்டு வருகின்றன.

போருக்கு முந்திய காலத்து உழவன் ஒருவனை எண்ணிக் கொள்ளலாம். காவற் கொட்டிலில் விழித்திருக்கும் அவனிடம் அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கு ஒன்று உண்டு. விடியலுக்கு முந்திய மங்கிய ஒளியிலே தனியன் யானை ஒன்று வரம்பை மிதித்து வயலினுள் இறங்குகின்றது. உழவன் துவக்கை உயர்த்துகின்றான். குழல் விலங்கின் நெற்றிக்கு நேரே ஒரு கணம் நிற்கின்றது. பின்னர் மேலும் உயர்கின்றது. வெடி யானையின் தலைக்கு மேலாக, மர உச்சிகளுக்கும் மேலாக, வெறும் வானத்திலே சென்று தீர்கின்றது. யானை திரும்பிக் காட்டினுள் நுழைகின்றது. நெல் தப்பியது, யானையும் தப்பியது.

இந்த வெடி குறி தவறியதா, தவறாததா? வினா விளையாட்டானது போலத் தோன்றும். ஆயின், குறிதவறாமை என்பது தன்னளவிலேயே ஒரு நற்பண்பா, அன்றேல் எதனைக் குறிவைத்தோம் என்பதைப் பொறுத்தே அது நன்றும் தீதும் ஆகின்றதா என்னும் அறவியற் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வெடியினுள்ளே அடங்கிக் கிடக்கின்றது.

இதனை ஆராய்வதற்கு, குறிபார்த்தலை ஏனைய நோக்கங்கள் யாவற்றினின்றும் பிரித்தெடுத்து, அதனை அதற்காகவே பயிலும் ஓரிடத்தை முதலில் நோக்குதல் பயனுடையது. அத்தகைய இடம் இலக்குச் சுடுதற் களம். உலகெங்கணும் அக்களங்களில் பெருவழக்காக உள்ள கருவி, பேச்சிலே 'பொயின்ற் ரூ ரூ' எனப்படும் .22 றைபிள் ஆகும். அதன் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்புறத்தின் நடுவிலன்றி, அடிவிளிம்பைச் சுற்றியுள்ள மடிப்பினுள்ளே வைக்கப்பட்டுள்ளது. சுடும் ஊசி அவ்விளிம்பை நசுக்கும்போதே மருந்து பற்றுகின்றது. ஊசியால் நசுக்கப்படத்தக்கவாறு கோது மெல்லியதாக இருத்தல் வேண்டும். மெல்லிய கோது பெரும் அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே இத்தோட்டா சிறியது, மலிவானது, தோளை உதைக்காதது. ஆயிரக்கணக்கிற் சுட்டுப் பழகுவதற்கு ஏற்ற தோட்டா இதுவே.

இதன் வரலாறும் சுவையானது. 1845 ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டவரான புளோபேர் என்பவர் வீட்டு மண்டபத்தினுள்ளே விருந்தினர் சுட்டு மகிழ்வதற்கென ஆக்கிய சிறு தோட்டாவே இதன் மூதாதை. இன்று வழங்கும் .22 லோங் றைபிள் தோட்டா 1887 இல் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றியது. கொல்வதற்கென்று பிறந்து பின்னர் விளையாட்டான கருவிகள் பல. இதுவோ விளையாட்டாகவே பிறந்தது. ஆயினும் அதனைப் போர் நெடுங்காலம் விட்டுவைக்கவில்லை. 1899 இல் தென்னாபிரிக்காவிலே மூண்ட போரில், வேட்டையாடிப் பழகிய போயர் உழவர்களின் குறிதவறாத சூட்டினால் பிரித்தானியப் படை பெரிதும் இழிவுபட்டது. அவ்வுழவர்களுட் சிறைப்பட்ட ஏறத்தாழ ஐயாயிரம் பேர் 1900 முதல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுத் தியத்தலாவையில் அடைக்கப்பட்டனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. இப்போர் புகட்டிய பாடத்தின் விளைவாக, 1901 இல் இங்கிலாந்திலே சிறுதுவக்குக் கழகங்களின் சங்கம் நிறுவப்பட்டது. எழுதுவினைஞரும் தொழிலாளரும் மாலை வேளைகளில் மண்டபங்களிலும் நிலவறைகளிலும் கடதாசி வட்டங்களைச் சுட்டுப் பழகினர். நாளை மனிதரைச் சுட வேண்டிவரின் குறி தவறாதிருத்தல் வேண்டும் என்பதே அப்பயிற்சியின் மறைவற்ற நோக்கம்.

பேர்மிங்காம் துவக்குத் தொழிலாளர் 1861 இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. நிறுவனம் போர்த் துவக்கையும் செய்தது, இலக்குச் சுடும் .22 துவக்கையும் செய்தது, துவிச்சக்கர வண்டியையும் செய்தது. மூன்று துவக்குகளைச் சாய்த்து நிறுத்திய வடிவமே அதன் வணிகச் சின்னம். பி.எஸ்.ஏ. வண்டியில் சந்தைக்குப் போய்வந்தோருட் பலர் அச்சின்னத்தை உற்று நோக்கியிருக்க மாட்டார்கள்.

எனினும் தோற்றத்தைக் கொண்டு ஒன்றின் தகுதியைத் தீர்த்துவிடல் முறையன்று. போருக்காகப் பிறந்த ஓட்டமும் ஈட்டியெறிதலும் இன்று யாரையும் அச்சுறுத்துவதில்லை. களத்திலே உண்மையில் நிகழ்வது யாது என்பதையே நோக்குதல் வேண்டும்.

ஐம்பது மீற்றர் தூரத்தில் வைக்கப்படும் இலக்கின் பத்தாம் வளையம் 10.4 மில்லிமீற்றர் விட்டமுடையது. சட்டைப் பொத்தான் ஒன்றின் அளவு. அதனைத் தேடிச் செல்லும் ஈயக்குண்டின் விட்டம் 5.6 மில்லிமீற்றர். இலக்குச் சுடுதலுக்கென ஆக்கப்படும் குண்டு ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழாகவே செல்லுமாறு அளவிடப்படுகின்றது; அத்தூரத்தைக் கடக்க அதற்கு ஒரு வினாடியின் ஆறிலொரு பங்கு போதும். இவ்வளவு மெதுவான, இலேசான குண்டைக் காற்று எளிதில் விலக்கிவிடும். ஆகவே களத்தின் ஓரத்தில் ஆடும் சிறு கொடிகளைச் சுடுவோன் ஓயாது கவனிக்கின்றான். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துகின்றான். இதயத்தின் துடிப்புக் குழலின் நுனியிலே தெரிகின்றது. விசையை இழுப்பதில்லை, விரலின் அழுத்தம் மெல்ல மெல்லக் கூடி, எப்பொழுது வெடித்தது என்று தானே அறியாதவாறு வெடிக்க விடுகின்றான். வெடித்த பின்னரும் அசையாதிருக்கின்றான். குண்டு குழலை நீங்கும் முன்னர் நேரும் மிகச் சிறிய அசைவும் கடதாசியிலே தவறாகப் பதியும்.

பழைய துவக்குக்கும் புதிய துவக்குக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கே ஒரு மெய்யியற் கருத்தைத் தருகின்றது. நெம்பினைக் கீழே தள்ள அடைப்பு இறங்கித் தோட்டாவுக்கு வழிவிடும் பழைய மார்ட்டினி வகைத் துவக்கைச் சேகரித்து இன்றும் சுடுவோர் பலர் உளர். அதிலே விசை தட்டுப்படுவதற்கும் ஊசி அடிப்பதற்கும் இடைப்பட்ட நேரம் சற்று நீண்டது; கட்டை காலத்தால் வளைந்திருக்கும்; குழல் தேய்ந்திருக்கும். தவறு நேரின் பழியில் ஒரு பங்கைத் துவக்கின்மேல் இறக்கிவைக்கலாம். ஜேர்மனியின் அன்சூட்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆக்கும் புதிய துவக்கோ சுடுவோனின் கன்னத்துக்கும் தோளுக்கும் கைக்கும் ஏற்றவாறு திருத்தப்படுவது. எந்தத் தொகுதித் தோட்டா அக்குழலுக்கு இசையும் என்பதும் முன்னரே சோதித்துத் தெரிவுசெய்யப்படுகின்றது. கருவி குறையற்றதாக ஆக ஆக, எஞ்சும் குறை முழுவதும் மனிதனுடையதாகின்றது. புதிய துவக்கை வாங்குவோன் உண்மையில் தன் சாக்குப்போக்குகளை விற்றுவிடுகின்றான் எனலாம்.

இங்கேதான் இவ்விளையாட்டின் அறத்தகுதி உளது. பிறர் எவரும் துன்புறாத ஓரிடத்தில், தன் பிழையைத் தானே தன் கண்முன் துளையாகக் காணும் பயிற்சி எளிதிற் கிடைப்பதன்று. பேச்சாளன் தன் தவற்றைச் சொற்களால் மூடலாம். மாணவன் வினாத்தாளைக் குறைகூறலாம். கடதாசியிலுள்ள துளையோடு வாதிட இயலாது.

கிரேக்க மெய்யியலாளர் குறிபார்த்தலை உவமையாக எடுத்ததும் இதுபற்றியே போலும். அரிசுட்டோட்டில் தம் ஒழுக்கவியல் நூலின் தொடக்கத்திலேயே, வாழ்வின் உயர்ந்த நன்மை எதுவென அறிந்தவன் இலக்கைக் கண்ட வில்லாளியைப் போன்று தக்கதை அடைய வல்லவன் என்கின்றார். அவருக்குப் பின்வந்த ஸ்டோயிக்கரோ வில்லாளியை வேறொரு கோணத்திலிருந்து நோக்கினர். நேராகக் குறிவைப்பதற்குத் தன்னாலான யாவற்றையும் செய்து முடிப்பதே வில்லாளியின் கடமை. அம்பு தைத்தலும் தையாமையும் காற்றுக்கும் ஊழுக்கும் உரியன. ஆகவே செவ்விய முயற்சியே நோக்கமாகும், வெற்றியன்று என்பது அவர்தம் கருத்து. சிசரோவின் நூலொன்றிலே இக்கருத்து நமக்குக் கிடைக்கின்றது. காற்றிலாடும் கொடியைக் கவனித்துக் கிடக்கும் .22 துவக்காளன் எவனும் இதனை மறுக்கமாட்டான்.

ஆயின், இவ்விருவர் உவமையிலும் இலக்கு ஏற்கெனவே நல்லதெனக் கொள்ளப்பட்டுவிட்டது. எய்யலாமா என்னும் வினா எழவேயில்லை. கடதாசியைச் சுடுங்கால் அவ்வினா எழாதிருத்தல் இயல்பே. கடதாசியின் பெருமையும் அதுதான். அதன் ஆபத்தும் அதுதான்.

இவ்வாபத்தை மகாபாரதம் கிரேக்கரிலும் ஆழமாக உணர்ந்திருந்தது. துரோணர் தம் மாணவரைச் சோதிப்பதற்கு மரத்தின்மேல் வைத்தது உயிருள்ள பறவையன்று. செய்து வைக்கப்பட்ட பொம்மைப் பறவை. நம்மவர் வரலாற்றிலே முதன்முதலாகக் குறிப்பிடப்படும் கடதாசி இலக்கு அதுவென வேடிக்கையாகக் கூறலாம். ஏனையோர் மரத்தையும் கிளையையும் உடன்பிறந்தாரையும் ஆசானையும் கண்டனர். அருச்சுனன் பறவையின் தலையை மட்டுமே கண்டான். கதை சொல்வோர் கண்ணை மட்டும் என்பர். அவனே தேர்ச்சி பெற்றான். பல்லாண்டுகளின் பின்னர்க் குருட்சேத்திரத்திலே அதே அருச்சுனன் எதிரணியை நோக்கியபோது பாட்டனையும் ஆசானையும் உறவினரையும் கண்டான், காண்டீபம் கைநழுவியது. சோதனைக் களத்தில் எதைக் காணாமை திறமையாயிற்றோ, அதையே காணுதல் போர்க்களத்தில் மனிதத்தன்மையாயிற்று. கண்ணன் அவனுக்கு என்ன விடையளித்தான் என்பது வேறு ஆராய்ச்சி. வில் நழுவிய அக்கணம் இல்லாதிருப்பின் அந்நூலின் அறவியல் வெறும் படைப்பயிற்சியாகவே முடிந்திருக்கும்.

ஒருமுகப்பாடு தன் எல்லையைக் கடப்பின் யாது நேரும் என்பதற்கு அண்மைக்கால விளையாட்டு வரலாற்றிலும் சான்று உண்டு. 2004 ஆம் ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்கிலே, ஐம்பது மீற்றர் முந்நிலை றைபிள் போட்டியின் இறுதிச் சுற்றில் ஐக்கிய அமெரிக்காவின் மத்தியூ எமன்ஸ் முன்னணியில் நின்றார். எஞ்சியது ஒரேயொரு வெடி. 7.2 புள்ளி கிடைப்பினும் தங்கம் அவருடையது. அவர் மூச்சடக்கி, மனமடக்கிச் சுட்டார். குண்டு இலக்கிலே நன்றாகவே பதிந்தது. ஆனால் அது பக்கத்துத் தடத்திலிருந்தவரின் இலக்கு. அவ்வெடிக்குப் புள்ளி பூச்சியமாயிற்று. அவர் எட்டாம் இடத்துக்கு இறங்கினார். வழக்கமாகத் தடத்தின் எண்ணைப் பார்த்துவிட்டுப் பின்னரே மையத்துக்கு இறங்குபவர், அன்று மனத்தை அமைதிப்படுத்துவதிலேயே கருத்தாயிருந்து எண்ணைப் பார்க்கத் தவறியதாக அவர் பின்னர்க் கூறினார். பறவையின் கண்ணை மட்டும் கண்டவர், அது எந்த மரத்துப் பறவை என்பதைக் காணவில்லை. கடதாசியாதலின் இழப்பு ஒரு பதக்கத்தோடு முடிந்தது.

எதனைக் குறிவைத்தான் என்பதைத் தைத்தலினும் மேலாகக் கருதிய குரல் தமிழிலும் உண்டு. காட்டு முயலைத் தப்பாது வீழ்த்திய அம்பினும் யானையை நோக்கி எறிந்து தப்பிய வேலை ஏந்துதலே இனிது என்னும் கருத்தை வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில் வைத்துள்ளார். எய்தவனது பெருமையை இலக்கின் பெருமையால் அளக்கும் பார்வை அது. ஆயின் அவ்வளவுகோல் வேல் ஏந்திய காலத்துக்கு உரியது. வேலெறிய வேண்டுமாயின் யானையின் அருகே செல்லுதல் வேண்டும். தவறின் உயிர் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மேஜர் றொஜேர்ஸ் என்னும் பிரித்தானிய அதிகாரி இலங்கைக் காடுகளில் 1400 இற்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பர். வேலிலிருந்து துவக்குக்கு வந்தபோது யானை முயலாகிவிட்டது. இலக்கு எவ்வளவு பெரிது என்பது இனி எதனையும் நிறுவாது. 1845 இல் அவர் மின்னல் தாக்கி இறந்தார். அதனை ஊழின் குறிதவறாமை என்று சொல்லி மகிழ்ந்தோரும் உண்டு. அறவியல் அத்தகைய ஆறுதலைத் துணைக்கழைத்தல் தகாது.

இவ்விடத்தில் ஒரு தடையை எதிர்கொள்ளல் வேண்டும். குறிதவறாமை நடுநிலையான திறன் மாத்திரமே என்பது உண்மையாயின், குறியே இல்லாத ஆயுதத்தைப் பற்றி யாது கூறுவது? கனகராயன்குளத்தார் இதனை நூல்களிலிருந்து அறிந்துகொள்ள வேண்டியவர்களல்லர். 1997 மே மாதம் தொடங்கிய ஜெயசிக்குறு படைநடவடிக்கை கண்டி வீதியை நோக்கமாகக் கொண்டே நடந்தது. இவ்வூர் அதன் பாதையிலே கிடந்தது. 1999 நவம்பரில் போர்முனை மீண்டும் தெற்கு நோக்கித் திரும்பியபோதும் இவ்வூரைக் கடந்தே சென்றது. 2002 இல் வீதி திறக்கப்பட்டபோது பயணிகள் கண்டது இருமருங்கும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளை. கண்ணிவெடி யாரையும் குறிவைப்பதில்லை. புதைத்தவன் ஊர் திரும்பியிருக்கலாம், இறந்திருக்கலாம். அது மண்ணினுள் ஆண்டுக்கணக்கில் விழித்திருக்கும். படைவீரனின் காலையும் விறகு பொறுக்கும் பெண்ணின் காலையும் அது பிரித்தறியாது. கண்மூடி வீழும் எறிகணையும் ஏறத்தாழ அவ்வாறே. இவற்றின்முன் வைத்து நோக்கின், ஒன்றை மட்டும் நோக்கி மற்றையவற்றை விட்டுவிடும் துவக்குக்கு ஓர் அறத்தகுதி உண்டெனவே தோன்றும். கண்ணிவெடித் தடையுடன்படிக்கை 1997 இல் எழுந்ததற்கும், இலங்கை 2017 இல் அதில் இணைந்ததற்கும் அடிப்படை இவ்வுணர்வே.

இத்தடை வலியது, ஆயினும் முழுமையானதன்று. மறைந்திருந்து சுடுவோனும் மிகத் துல்லியமாகவே சுடுகின்றான். அவன் ஒருவனை மட்டும் தெரிந்தெடுக்கின்றான் என்பது, தெரிந்தெடுக்கப்பட்டவனின் தாய்க்கு ஆறுதலாகாது. வாலி வதையைத் தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பட்டிமண்டபம் ஏற்றியதற்குக் காரணம் இராமனின் அம்பு தவறியமையன்று, தவறாமையே. துல்லியம் தீமையின் பரப்பைக் குறைக்கலாம். தீமையை நன்மையாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

அதே மண்ணில் வேறொரு துல்லியமும் கண்கூடாகக் காணப்பட்டது. வன்னியிலே கண்ணிவெடி அகற்றிய தொழிலாளருட் பலர் அப்பகுதிப் பெண்கள். ஒடுங்கிய தடமொன்றிலே முழந்தாளிட்டு, உணர்கருவி ஒலித்த இடத்தைப் பக்கவாட்டிலிருந்து சிறிது சிறிதாகச் சுரண்டி நெருங்கும் அவர்களிடம் இலக்குச் சுடுவோனின் பண்புகள் அனைத்தும் இருந்தன. மூச்சின் அடக்கம், கையின் உறுதி, அவசரமின்மை, தன் பிழையைத் தானே ஏற்கும் நிலை ஆகிய எல்லாம் இருந்தன. ஆயின் அவர்களுக்குப் பறவையின் கண்ணை மட்டும் காணும் உரிமை இல்லை. மண்ணின் நிறம், வேரின் போக்கு, அடுத்த தடத்திலிருக்கும் தோழி, நாளை அவ்வழியே நடக்கப்போகும் பிள்ளை ஆகிய யாவும் அத்துல்லியத்தினுள் அடங்கியிருந்தன.

இனி வயலுக்குத் திரும்பலாம். யானையின் தலைக்கு மேலே சுட்ட உழவன் குறி தவறவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அவன் குறிவைத்தது வானத்தையே. ஆனால் ஸ்டோயிக்கரின் ஆறுதல் அவனுக்கு இல்லை. குழல் சற்றுத் தாழ்ந்து, குண்டு யானையின் காலிலோ தோளிலோ பாய்ந்திருப்பின், 'நான் வெருட்டவே எண்ணினேன். எஞ்சியது ஊழின் செயல்' என்று அவன் சொல்ல இயலாது. அவ்விலங்கு காட்டினுள்ளே புண் புழுத்து நாட்கணக்கில் நின்று சாகும். இலங்கையில் யானைகள் இறக்கும் வழிகளுள் துவக்குக் காயம் மிகவும் அறியப்பட்ட ஒன்று. ஆகவே கொல்லாது சுடுவதற்கும் கொல்வதற்கு வேண்டிய அளவு கைத்திறன் அவனுக்கு வேண்டியிருந்தது. அதற்கு மேலாக, நெற்றிக்கு நேரே குழல் நின்ற அக்கணத்தில், ஒரு போகத்து நெல்லையும் கடனையும் பிள்ளைகளின் பசியையும் எதிரே நிற்கும் உயிரையும் ஒருங்கே காணும் கண்ணும் வேண்டியிருந்தது. சுடுதற் களத்தின் எந்த வளையத்திலும் அக்கண்ணுக்குப் புள்ளி இல்லை.

இன்று அவ்வூர் வயல்களில் துவக்கு அரிது. வனஜீவராசிகள் திணைக்களம் வழங்கும் யானை வெடியைக் கையில் வைத்துக்கொண்டு, வேலியோரம் கிளை முறியும் ஓசைக்குக் காது கொடுத்தபடி உழவன் இருக்கின்றான். திரியைப் பற்றவைத்து எறியுங்காலும் அவன் யானைக்கு நேரே எறிவதில்லை. சற்று முன்னாலே, வரம்புக்கு இப்பால் விழுமாறு எறிகின்றான்.